பதினோரு பேரில் ஆறு பேர்

போன மழைக்கு மண் சரிந்து பத்து நாள் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்தார்களே, அப்போது உங்களில் ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "டீச்சர், நாலஞ்சு பிள்ளைகள மட்டும் வீட்டுக்கு வரச்சொல்லிப் பாடம் நடத்தலாமா? தப்பில்லையே?" நான் பதில் சொல்லாமல் காப்பி போடப் போய்விட்டேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாள். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததால் எழுதுகிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் படியுங்கள். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற பாதையில் ஓர் ஊர். பேரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு குடும்பங்களுக்குச் சங்கடம், அதனால் வேண்டாம். அங்கே நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. வயது இருபத்து நாலு. திண்டுக்கல் வெயிலில் வளர்ந்தவள், குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்துக்கொண்டு கிடப்பேன். எட்டாம் வகுப்பு என் பொறுப்பு, பதினோரு பிள்ளைகள். அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்புக்கே அரசாங்கப் பரீட்சை உண்டு, இ.எஸ்.எல்.சி. என்போம். அதில் தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் பூண்டுக் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பதினோரு பேரில் ஒருத்தி காமாட்சி. தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவள், பதினாறு வயது. அப்பா மாயாண்டி பொதிக்குதிரைக்காரர். மேலே விளைகிற பூண்டைக் குதிரையில் ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் பழனிக்கு இறக்கிக்கொண்டு போவார். அவள் வயசுக்கு வந்ததிலிருந்தே கல்யாணப் பேச்சு. நான் நாலு தடவை வீட்டுக்குப் போய் மல்லுக்கு நின்றேன். கடைசியில் மாயாண்டி சொன்னார்:

"ஒரு பரீச்ச. ஒரே ஒரு பரீச்ச டீச்சர். பாசானா நீங்க சொல்ற ட்ரெயினிங்குக்கு அனுப்பி வைக்கேன். இல்லாட்டி ஆவணியில எங்கக்கா மகனுக்குக் கட்டிக் குடுத்துருவேன். அதுக்குமேல எங்கிட்டப் பேச்சு வச்சுக்கக் கூடாது."

"சரிங்கண்ணே," என்றேன். காமாட்சி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அவள் தேறிவிடுவாள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஊருக்குள் பெரியம்மை வந்தது. கிழங்கு ஏற்ற வந்த ஒரு லாரி கிளீனர் காய்ச்சலோடு படுத்தான், மூன்றாம் நாள் முகமெல்லாம் முத்து. அடுத்த வாரம் மேலத் தெருவில் இரண்டு வீடு. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொன்னார். நாலு பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். கொடைக்கானல் பஸ் எங்கள் ஊரில் நிற்பதை நிறுத்திக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிரைவர் எங்கள் பக்கம் பார்க்காமலேயே ஓட்டிக்கொண்டு போவார். திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போகவும் எனக்கு வழியில்லை.

என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் என் தம்பியை அம்மைக்குக் கொடுத்தோம். வாழையிலையில் கிடத்தியிருந்த அந்தப் பிள்ளையின் வாடை என் மூக்கை விட்டுப் போனதே இல்லை. எனக்கு அம்மை குத்தியிருந்தது, கையில் தழும்பு இருந்தது, ஒன்றும் வராது என்று புத்திக்குத் தெரியும். புத்தி சொன்னால் பயம் கேட்குமா? பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், விடிந்ததும் கண்ணாடியில் நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மண்டிக்காரர் வந்தார். உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவர், ஊரில் பெரிய வீடு. அவர் மகன் செல்வராஜ் என் வகுப்பு.

"டீச்சர், தனியா ஏன் இங்கன கெடக்கீங்க? நம்ம வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. குளிருக்குக் கணப்பு போட்டுத் தாரேன். வெள்ளனே வந்துட்டுப் பொழுது சாயப் போங்க, சாப்பாடு நம்ம வீட்லயே. பயலுக்குப் பாடம் நின்னு போச்சு. இன்னும் அஞ்சு பிள்ளைகளச் சேத்துக்கிடுங்க."

"மத்தவங்க, சார்? மொத்தம் பதினோரு பேராச்சே."

"நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்? ஆறு பேரு ஒக்காரத்தான் எடம். அம்மை இல்லாத வீட்டுப் பிள்ளையாப் பாத்து நீங்களே எடுங்க. எம் பொண்டாட்டி பிள்ளைக இருக்கிற வீடு."

எனக்கு அந்தக் கணப்பு வேண்டியிருந்தது. பேச்சுத் துணைக்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. ஒருத்தருமே படிக்காமல் போவதைவிட ஆறு பேராவது தேறட்டுமே என்று சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் இந்தப் பேச்சு நியாயமாகத்தான் காதில் விழுகிறது. உங்களுக்கும் விழும், அதனால்தான் எச்சரிக்கிறேன்.

பட்டியலை என் கையாலேயே எழுதினேன். முதல் பேராகக் காமாட்சியைத்தான் எழுதி வைத்திருந்தேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை, வாசலை மட்டும் பார்த்தேன். மாயாண்டி வீட்டு நிலைப்படியில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது. எங்கள் ஊர்க் குளிருக்கு வேம்பு வராது. வேப்பிலை வேண்டுமானால் பழனி அடிவாரத்திலிருந்துதான் வரவேண்டும். அம்மை காணாத வீட்டுக்கு யார் அவ்வளவு தூரம் சுமந்து வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வாரம் ஒருமுறை பழனிக்குப் போய்வருகிற குதிரைக்காரருக்கு ஒரு கொத்து வேப்பிலை பெரிய சுமையா என்று யோசிக்கவில்லை. காமாட்சி பேரை அடித்துவிட்டு, பஸ் கண்டக்டர் மகன் சூசையின் பேரை எழுதினேன்.

பாடம் தொடங்கின இரண்டாம் நாள் காலையில் காமாட்சி நோட்டும் கையுமாக மண்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன்.

"வீட்ல சரியானதும் வா, காமாட்சி."

"வீட்ல யாருக்கு டீச்சர்? ஒண்ணுமில்லையே."

"வாசல்ல பாத்தேன்மா."

"அது அம்மா பயந்துக்கிட்டுக் கட்டுனது டீச்சர். வாங்க, நீங்களே வந்து பாருங்க."

எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவள் ஒரு படி ஏறினாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தம்பி முகம் கண்முன் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றாள், கதவிடுக்கில் அவள் பாவாடை தெரிந்தது. பிறகு போய்விட்டாள்.

மாடியில் பாடம் நன்றாகவே நடந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிடம் இழுக்கும் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மண்டிக்காரர் சம்சாரம் சமையலில் பேர் போனவர். அடுப்படியில் கடுகு வெடித்தால் மாடியில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள். சூசைதான் மதியம் கீழே போய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வருவான்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தாளிப்பு வாசனை நின்றது. ரசம் தாளிக்காமல் வந்தது. துவையலும் அப்படித்தான். பொழுது சாய்ந்து கிளம்பும்போது, "போயிட்டு வாங்க டீச்சர்" என்று வாசல்வரை வருகிற அந்த அம்மா, பேசாமல் உள்ளே திரும்பிக்கொண்டார். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வந்தவரைப் போய்வா என்று சொல்ல மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் நான். மாயாண்டி வீட்டு வேப்பிலையைத் தெருவில் நின்று படிக்கத் தெரிந்த எனக்கு, இலையில் வந்து விழுந்த ரசத்தைப் படிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தெரிந்துகொண்டால் அந்தக் கணப்பை விட்டு எழுந்து போகவேண்டுமே! வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பின்கட்டில் ஒரு பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். அந்த வாடை. கதவைத் தள்ளினால், செல்வராஜின் தங்கை, ஐந்து வயது வள்ளி, வாழையிலையில் கிடக்கிறாள். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருந்தது.

பின்னாலேயே மண்டிக்காரர் வந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"சத்தம் போடாதீங்க டீச்சர். வெளிய தெரிஞ்சா மண்டியப் பூட்டிருவாங்க. ஆத்தா எறங்கிருவா, தலைக்குத் தண்ணி ஊத்திட்டா முடிஞ்சது."

"மாடியில ஆறு பிள்ளைக இருக்குதுங்க சார்!"

"ஆமா. கூட்டி வச்சுப் பாடம் நடத்துனது யாரு? கூடக் கூடாதுன்னு தண்டோரா போட்டது எனக்கு மட்டுமா? கவர்மெண்டு வேல டீச்சர். யோசிச்சுக்கிடுங்க."

நான் மாடிக்குப் போய், "எனக்கு ஜலதோஷம், இனிமே கிளாஸ் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆறு பிள்ளைகளும் தெருவில் குதித்துக்கொண்டு ஓடியதை ஜன்னலில் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியே வரவில்லை. வேலை போய்விடுமே என்று பயம். அந்த ஆறு வீட்டு அம்மாக்கள் வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுப்பார்களே என்று பயம். ஏதாவது ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் என்ற பயம் மட்டும் இவற்றோடு மூன்றாவதாகத்தான் வந்து நின்றது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை காலையில், இன்ஸ்பெக்டர் ஊரில் விட்டுப்போயிருந்த அம்மை குத்துகிறவரைத் தேடிப் போனேன். காக்கிச் சட்டை, தோல் பை, ஐம்பது வயதிருக்கும். அவர் முகமே தழும்பு விழுந்த முகம். டீக்கடைப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூன்று கேள்விதான் கேட்டார்.

"எத்தன பேருங்க?"

"ஆறு பேர். என்னோட ஏழு."

"எத்தன நாளா?"

"பன்னெண்டு நாள். பிள்ளைக்கு வந்து அஞ்சாறு நாள் இருக்கும்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "வெரசா நடங்க. வெள்ளிக்கிழமையே வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை.

நடந்துகொண்டே வேப்பிலை விஷயத்தைச் சொன்னேன். மாயாண்டி பேரைக் கேட்டதும் நின்றுவிட்டார். "அந்த வீட்லயா? நான் மூணு வாட்டி போயாச்சு. எல்லாரும் மொத நாளே கையக் காட்டிக் குத்திக்கிட்டாங்க. ஊர்லயே சுத்தமான வீடு அது." பிறகு, "வாசலப் பாத்து எழுதாதீங்க டீச்சர். நான் உள்ள போயி, தூங்குற பிள்ளையோட போர்வைய வெலக்கிப் பாத்துட்டுத்தான் எழுதுவேன். எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றார். முப்பத்து நாலு வருட வேலையில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் பலர். எட்டாம் வகுப்புக்கூடப் படிக்காத அந்த மனிதர் சொன்னதுதான் நின்றது. ஒரு பிள்ளையின் பேரை அடிக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் போங்கள். போகப் பயமாக இருந்தால் பேரை அடிக்காதீர்கள்.

ஆறு பேருக்கும் அன்றைக்கே குத்தினார். ஐந்து பேர் தப்பித்தார்கள். சூசைக்கு வந்துவிட்டது. உயிர் பிழைத்தான், இடது கண் போய்விட்டது. பரீட்சையும் போயிற்று. வள்ளியும் பிழைத்துக்கொண்டாள், முகம் நிறையத் தழும்போடு. என் வேலை போகவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி. நான் அவ்வளவு பயந்தது அந்த ஒரு காகிதத்துக்குத்தான்.

பிள்ளைகளுக்குக் குத்திய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே மாயாண்டி வீட்டுக்கு ஓடினேன். இருபதடி தூரத்திலேயே அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கனயே நில்லுங்க டீச்சர். நீங்க எந்த வீட்ல இருந்துட்டு வாரீங்கன்னு ஊருக்கே தெரியும்."

அவர் சொன்னது நியாயம். பதினாறு நாள் நான் அறைக்குள் அடைந்து கிடந்தேன், அம்மை குத்துகிறவர் போட்ட கெடு. விடிந்ததும் நெற்றி, உள்ளங்கை, மறுபடி நெற்றி. ஜன்னலுக்கு வெளியே யாராவது இருமினால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்தப் பதினாறு நாளும் காமாட்சி தன் வீட்டில் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

கெடு முடிந்தபோது பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பள்ளி திறக்கவில்லை. அம்மை குத்துகிறவரிடம் கேட்டேன். வெட்டவெளியில் தள்ளித் தள்ளி உட்காரலாம் என்றார். எங்கள் ஊரில் பூண்டுக் காடு மலைச் சரிவில் படிப்படியாக வெட்டியிருக்கும். ஒரு படிக்கு ஒரு பிள்ளை. நான் மேல் படியில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். சூசையைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வந்தார்கள். அட, இதை முதல் நாளே செய்திருக்கலாமே! யாருடைய மாடியும் தேவைப்பட்டிருக்காது. மூடுபனி இறங்கினால் கீழ்ப் படிப் பிள்ளைகள் மறைந்துபோவார்கள். காமாட்சி கடைசிப் படியிலிருந்து, "கேக்குது டீச்சர்! சொல்லுங்க!" என்று குரல் கொடுப்பாள். என்னைப் பார்த்து அவள் முகம் சுளித்ததே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஓட்டமாக ஓடித்தான் பாடத்தை முடித்தேன். எல்லாம் முடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஆனியில் முடிவு வந்தது. செல்வராஜ் தேறினான். சூசையைத் தவிர, அவனோடு சேர்த்து மாடியில் உட்கார்ந்த ஐந்து பேருமே தேறினார்கள். காமாட்சி கணக்கில் தவறியிருந்தாள். மற்ற எல்லாப் பாடத்திலும் வகுப்பிலேயே முதல். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். தொட்டியில் ஒரு குழாய் தண்ணீர் நிரப்புகிறது, இன்னொரு குழாய் வெளியேற்றுகிறது, தொட்டி எப்போது நிறையும் என்று ஒரு கணக்கு. அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் அவள் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு என் பாடக் குறிப்பு நோட்டைப் புரட்டினேன். குழாய்க் கணக்குக்கு எதிரே, 'முடிந்தது' என்று என் கையெழுத்து. மாடியில் நடந்த நான்காம் நாள் பாடம் அது. பூண்டுக் காட்டில் நிற்கும்போது, அதுதான் முடிந்துவிட்டதே என்று தாண்டிப் போயிருக்கிறேன். யாருக்கு முடிந்தது? ஆறு பேருக்கு.

மாயாண்டியிடம் போய் அழுதேன். "அண்ணே, தப்பு எம்மேல. இன்னும் ஒரே ஒரு வருசம்." அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "ஒங்களக் குத்தஞ் சொல்லல டீச்சர். ஆனா எங்கக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்ல. ஒரு பரீச்சன்னுதான பேசுனோம்."

ஆவணியில் கல்யாணம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், காமாட்சியே ஆளனுப்பினாள். மணப்பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அறைக்குள் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கூறைப்புடவையில் ஒரு மாதிரி பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். ஏதாவது கேட்கப் போகிறாள், ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதோரம் சாய்ந்தாள்.

"டீச்சர், அந்தக் குழாய்க் கணக்கு எப்படிப் போடணும்?"

நான் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி, அவ்வளவுதான் என்று என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். தலை பின்னுகிறவர்கள் இழுக்க இழுக்க, அவள் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மேளம் தொடங்கிவிட்டது.

"இவ்வளவுதானா டீச்சர்?" என்றாள்.